பன்னிரண்டாயிரத்துக்கு மேலே

நாள் 61, 08:10
நிலவு, தென்துருவப் பனிச்சுரங்க நிலையம். ஆள் ஒருவன்: மெக்கானிக் அங்குராஜ், ஐ.டி.ஐ., இரண்டாவது முயற்சியில் தேர்ச்சி. காற்றழுத்தம் சரி. பம்புகளைக் காதை வைத்துக் கேட்டேன். நல்ல பிள்ளைகள்.

11:25
அழுத்தம் இறங்குகிறது. கசிவு காட்டும் கருவி செத்துக் கிடக்கிறது. ஓட்டை இருந்தால் விசில் அடிக்கும். முப்பது வருடம் கம்ப்ரசரோடு குடித்தனம் நடத்தியவனுக்குக் கேட்காதா? கேட்கவில்லை. காற்று ஆறு மணி நேரத்துக்கு. மீட்பு வண்டியை அழைத்தேன்; வர ஒன்பது மணி நேரம்.

12:05
வீட்டு அழைப்பு நேரம். மகள் சுடரொளி காதைப் பற்றித்தான் கல்லூரியில் படிக்கிறாள். அறையின் ஒலிப்பதிவை அனுப்பினேன்.
“ஐயோ, காதக் கிழிக்குதுப்பா! ஹெர்ட்ஸ் கணக்குல பன்னிரண்டாயிரத்துக்கு மேல இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?”
“இல்லம்மா.”
“அப்புறம் எப்படி வேலைக்கான காது டெஸ்ட்ல பாஸானீங்க?”
சொல்லிவிட்டேன். சோதித்தவரின் விரல் கண்ணாடியில் தெரிந்தது. அது பொத்தானுக்குப் போகும்போதெல்லாம் கை தூக்கினேன். வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே நூறு.
அவள்: “காதுக்குள்ள நத்தை மாதிரி ஒரு சுருள் இருக்குப்பா. கீச்சுச் சத்தத்தப் பிடிக்கிறது வாசல்ல, கனத்த சத்தத்தப் பிடிக்கிறது உள்கோடியில. வாசல்ல நிக்கிறவன்தான் முதல்ல அடி வாங்குவான். பதிவ மெதுவா ஓட்டுங்க, சத்தம் உள்ள இறங்கிரும்.”

12:40
மின்விசிறியை அணைத்துப் பதிவுசெய்து, எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினேன். கேட்டது! ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தடித்தது, ஒன்று ஊசி. கலந்து வந்தாலும் காது தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. இந்தப் பழைய காதுக்கு இன்னும் கொஞ்சம் வேலை தெரிகிறது.

14:15
குழாய் குழாயாகப் பதிவு. தடித்த விசில் மூன்றாம் பம்பின் பின்னால். அடைத்தேன். சந்தோஷத்தில் பசை டியூபை முழுக்கப் பிதுக்கிவிட்டேன். முட்டாள். ஊசி இன்னும் இருக்கிறது.

15:30
ஊசி, கிடங்கறைச் சுவரில். மயிரிழை விரிசல். விரலால் அமுக்கினேன், விளிம்பு உடைந்தது. இப்போது ஐந்து ரூபாய்க் காசு அகலம். பசை இல்லை, எட்டும் தூரத்தில் வேறொன்றும் இல்லை; வலது உள்ளங்கையை வைத்து அடைத்தேன்.

15:50
இடது கை எழுத்து. மன்னிக்கவும். அழுத்தமானி சிவப்புக் கோட்டில் நிற்கிறது. கையை எடுத்தால் மயக்கம், பிறகு ஒன்றுமில்லை. வண்டிக்கு இன்னும் நாலரை மணி. வீட்டு இணைப்பு திறந்தே இருக்கிறது; மைக் அடுத்த அறையில், கத்தினாலும் எட்டாது. ஒலிபெருக்கி மட்டும் இங்கே வரை கேட்கிறது.
“அப்பா, கேக்குதா? ஏதாவது பேசுங்கப்பா.”
கேட்கிறது.

17:20
உள்ளங்கை மரத்துவிட்டது; விளிம்பில் காற்று கசிகிறது, கண் இருட்டுகிறது.
“அப்பா, கேக்குதாப்பா?”
நன்றாகக் கேட்கிறதம்மா. ஒவ்வொரு எழுத்தும்