நான் குறைக்கச் சொன்ன மஞ்சள்

மச்சான்,

இன்று ஸ்கேனர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. படத்தை எந்த வண்ணவெளியில் சேமிக்க வேண்டும், சிறியதிலா பெரியதிலா என்று. உள்ளே கிடந்தது உங்கள் நெகட்டிவ். கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படம் சிவந்து மங்கிவிட்டதாம். பெரிதாக்கிப் புதிதாக ஒன்று போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள் அக்கா. சாயங்காலம் வாங்கிப் போக வருவாள். எனக்குக் கை ஓடவில்லை.

வண்ணவெளி என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு படம் எத்தனை நிறங்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் எல்லை, அவ்வளவுதான். சிறியதில் அடங்காத அழுத்தமான நிறங்களை எல்லைக்குள் இழுத்து ஒன்றுபோல ஆக்கிவிடும். முதலில் அதில்தான் எடுத்தேன். சட்டை முழுக்க ஒரே மஞ்சள் திட்டாக வந்தது. பெரியதில் எடுத்தபோது, மஞ்சள் தண்ணீர் வழிந்த கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. உங்கள் கண்ணில் இருந்தது அந்த மஞ்சள் இல்லை. கண்ணின் மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதலமடையில் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் அது. மஞ்சள் நீராட்டு, முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் நாள். மச்சானை நனைக்காமல் விட்டால் கொழுந்தியாளுக்கு என்ன மரியாதை? மாந்தோப்பிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத உங்கள் மேல் ஒரு குடம் கவிழ்த்தேன். கோயமுத்தூர்க் கல்லூரித் தோழியிடம் வாங்கிவந்த காமிராவில் கலர் பிலிம் இருந்தது. நிற்கவைத்து எடுத்தேன். சிரித்தீர்கள், ஆனால் சோர்ந்துபோய்ச் சிரித்தீர்கள்.

அந்த எழுபதுகளில் கலர் பிரிண்டு கைக்கு வர மூன்று வாரம் ஆகும். வந்ததும் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தீர்கள்.

"ஏன் அம்மிணி, எங்கண்ணு இப்படியா இருக்குது?"

"அது நான் ஊத்துன மஞ்சத்தண்ணிங்க மச்சான். கலரும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டாங்க."

"கொஞ்ச நாளா சோறே எறங்க மாட்டீங்குது. உங்கக்காகிட்டச் சொல்லீராத, பயந்துக்குவா."

படத்தில் இருந்த கண்ணும் முகத்தில் இருந்த கண்ணும் ஒன்றுதானா என்று நான் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். ஒரு முழம் தள்ளித்தான் நின்றீர்கள். பயமாக இருந்தது மச்சான். அதனால் படத்தையே பார்த்துக்கொண்டு, "ஸ்டுடியோவுல குடுத்துச் சரிபண்ணிக் கொண்டாறேனுங்க" என்றேன். உங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. உடனே தலையாட்டினீர்கள்.

கோயமுத்தூர் போகும்போது வாளையார் எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சாராயம் கடத்துகிறோமா என்று பைகளைத் துழாவிய போலீஸ்காரர் என் மடியில் இருந்த படக் கவரைத் தொட்டார். திறந்து பார்த்து இந்த ஆளுக்கு என்ன என்று கேட்டுவிடுவாரோ என்று கவரை இறுக்கிப் பிடித்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பியிருப்பேனோ என்னவோ. ஸ்டுடியோக்காரரிடம், "மஞ்சளக் கொறச்சுப் போடுங்க" என்றேன்.

இரண்டாவது பிரிண்டில் நீங்கள் பளிச்சென்று இருந்தீர்கள், கண் வெள்ளை வெளேரென்று. நான் அதை ஊருக்கு எடுத்து வந்தபோது உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காமாலை முற்றியிருந்தது. வீட்டில் ஒருவர்கூட இவர் கண்ணைப் பார்க்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

அந்த இரண்டாவது பிரிண்டுக்குத்தான் அக்கா இத்தனை வருடமாகப் பூ வைக்கிறாள். முதல் பிரிண்டை நான் யாருக்கும் காட்டவில்லை. இப்போதும் என் வீட்டுக்கு யார் வந்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் கண்ணைப் பார்த்துவிடுகிறேன். பேத்திகள் கேலி செய்கிறார்கள், பாட்டி போலீஸ் மாதிரி முறைக்கிறாள் என்று.

திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, நிறத்தைத் தானாகவே சரிசெய்ய. சும்மா அழுத்திப் பார்த்தேன். ஒரு நொடியில் உங்கள் கண் மறுபடி வெளுத்துவிட்டது. உடனே அதைப் பழையபடி மாற்றி, பெரிய வெளியில் இருந்தபடியே பிரிண்டு போட்டேன்.

வாசலில் கேட் சத்தம். "ஆச்சா அம்மிணி?" என்கிறாள் அக்கா.

படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டேன் மச்சான்.

"உள்ள வாக்கா. உக்காரு. பாக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்."