பதினோரு ரசீதும் ஒரு கறுப்புத் தாளும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய அவா என்று ஆரம்பிப்பதுதான் முறை. அதில் பின்பாதி உண்மை. முன்பாதியைக் கடிதம் முடிந்த பிறகு நீயே முடிவு செய்துகொள்.

வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உன் ஆஸ்பத்திரிக்கு, வார்டு எண் போட்டு அனுப்புகிறேன். என்னமோ ஏதோ என்று பதறாதே. உன் அண்ணி இருக்கிறாள், உன் மருமகள் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், எனக்குக் கை கால் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. போனை அணைத்துப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. யாருடைய போனையாவது வாங்கி உன்னிடம் பேசியிருக்கலாம். பேசினால் நீ முதலில் அழுவாய், அப்புறம் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கிறேன் என்பாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அதற்காகத்தான் இது.

லோடு வண்டி போய்விட்டது. சுற்றி வளைப்பானேன். போன தடவை பேசும்போது சவாரி எப்படி என்று கேட்டாய், மாசத்துக்குப் பத்து வீட்டுச் சாமான் ஏற்றுகிறேன் என்று அளந்தேன். அப்போதே வண்டி போய் மூன்று வாரம். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தில் பொய் இல்லை, என் தலையெழுத்துத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். வண்டிக் கடன் தவணையைக் கம்பெனி ஆபீசில் போய்க் கட்டாமல், வீட்டுக்கு வருகிற வசூல்காரரிடமே கொடுத்துவந்தேன். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி வருவார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், உன் அண்ணி தண்ணீர் கொடுத்தால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து குடிப்பார். கையில் இருக்கிற மெஷினைத் தட்டுவார், பஸ் டிக்கெட் அகலத்தில் ரசீது வரும். இப்படிப் பதினோரு மாதம். ஒருநாள் எடுத்துப் பார்க்கிறேன், முதல் இரண்டு ரசீதில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. எனக்கோ பயம். மழையில் நனைந்து போன என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுக்காக நான் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து ரேஷன் கார்டா, தடுப்பூசி அட்டையா, எது கையில் கிடைத்தாலும் லேமினேஷன் போடுகிற கிறுக்கு எனக்கு. நீகூடக் கேலி செய்வாயே, அண்ணனை விட்டால் அண்ணிக்கும் பிளாஸ்டிக் போட்டுவிடுவான் என்று.

பதினோரு ரசீதையும் தேதி வரிசையில் ஒரு பெரிய தாளில் நானே ஒட்டினேன். கடைக்காரம்மா வாங்கி மெஷினில் விட்டார். ஒரு பக்கம் வெள்ளையாகப் போனது, மறுபக்கம் கரிக்கட்டையாக வந்தது. அந்தக் காகிதம் சூடு பட்டால் கறுத்துவிடுமாம். எல்லாருக்கும் தெரியுமாம், எனக்குத்தான் தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை, கறுப்பு மட்டும்தான். கடைக்காரம்மா காசு வேண்டாம் என்றார். நான் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், அவர் மேல் என்ன தப்பு?

கட்டிய பணம் கம்பெனிக் கணக்கில் இருக்கும், ரசீது எதற்கு என்று அன்றைக்கு உன் அண்ணிக்குச் சமாதானம் சொன்னேன். அடுத்த மாதம் அந்த வசூல்காரர் வரவில்லை, வேறொருவர் வந்தார். பழையவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். பதினொன்றில் நாலு தவணை வரவே இல்லை என்றார் புதியவர். ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, தெருமுனையில் போய் மெஷினில் அதை அழித்துவிட்டுப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்வார்களாம். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்த வாய் அது.

ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் என்னைவிட வயதில் சிறியவர். கட்டியதற்கு ரசீது காட்டுங்கள் என்றார். நான் அந்தத் தாளை நீட்டினேன். அவர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். “என்னங்க இது, எக்ஸ்ரேவா? எலும்பு ஒண்ணையும் காணோமே” என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன் பாப்பா. அன்றைக்கு என்னமோ உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. உன் ஆள் திருடினதற்கு நான் எதற்கு இரண்டு தரம் கட்ட வேண்டும் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வந்தவன் சும்மா இருந்தேனா, அந்த நாலுக்கு நியாயம் கிடைக்கிற வரை இனிப் பைசா கிடையாது என்று ரோஷத்தில் இரண்டு மாதம் கட்டாமல் விட்டேன். உன் அண்ணி அடித்துக்கொண்டாள், கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள் என்று. கேட்டேனா? திருடியது அவர்கள்தான், ஆனால் கதவைத் திறந்துவிட்டது என் வாய்.

இதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை. இன்று மத்தியானம் லோடு இல்லை, அதனால் தொடர்கிறேன்.

வண்டியை வீட்டு வாசலில் வைத்துத் தூக்கியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நடுரோட்டில், லோடோடு மறித்தார்கள். அன்றைக்கு ஒரு தையற்கார அம்மாவின் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு தையல் மெஷின், கட்டில், கண்ணாடி வைத்த பீரோ, மூட்டை மூட்டையாக ஊரார் துணி. பைக்கில் நாலு பேர் வந்து சாவியைப் பிடுங்கினார்கள். லோடை இறக்கிவிட்டாவது தருகிறேன், அரை மணி நேரம் கொடுங்கள் என்று கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அவர்களே இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பதா, எறிந்தார்கள் என்பதா. பஸ் ஸ்டாப் பக்கத்தில் அந்த அம்மாவின் குடித்தனம் முழுக்கத் தரையில் கிடந்தது. வண்டி திரும்பிப் போனது பீரோக் கண்ணாடியில் தெரிந்தது. பின்கதவில் உன் மருமகள் ஒட்டிய மஞ்சள் பூ ஸ்டிக்கர் கடைசி வரை தெரிந்தது.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “யார் துணியும் அழுக்காகாம பாத்துக்கப்பா” என்று மட்டும் சொன்னார். வேறு வண்டி கிடைக்கும் வரை மூன்று மணி நேரம் மூட்டைகளுக்குக் காவல் இருந்தேன். போகும்போது பேசிய கூலியில் பாதியை என் சட்டைப் பையில் செருகினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கை வாங்கிக்கொண்டது.

அதோடு விட்டார்களா? வண்டியை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணம் கடனுக்குப் போதவில்லை, மீதியைக் கட்டு என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். மாடும் போச்சு, கயிறு மட்டும் என் கழுத்தில். பழைய வீட்டு வாசலில் நின்று உன் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்காரம்மா மறுநாளே காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரார் வீட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்தவன், என் வீட்டைத் தள்ளுவண்டியில் மூன்று நடையாக மாற்றினேன். இப்போது ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அந்தக் கறுப்புத் தாளைத்தான் உன் அண்ணி அங்கே வைத்து அடைத்திருக்கிறாள். சொட்டு மழை உள்ளே வரவில்லை. லேமினேஷன் நல்ல லேமினேஷன்தான். நான் வேறொருவர் வண்டியில் சுமை தூக்குகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நம்பு.

இனி உன் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும்.

இங்கேயும் ஒன்பதே நாளில் கடன் மீதியைக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார். மற்றவர்கள் மாதிரிக் கத்துகிறவர் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, வார்த்தைக்கு வார்த்தை சார். கத்துகிறவர்களைவிட இவரைக் கண்டால்தான் எனக்குப் பயம். கடன் வாங்கும்போது உறவினர் இரண்டு பேர் பெயரும் நம்பரும் கேட்டார்கள். ஒருவர் உன் அண்ணியின் மாமா. அவர் வீட்டு வாசலில் போய் நின்று இவர் சார் சார் என்றதும், மாமா எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டார். இரண்டாவது நீ. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உன்னுடையது ஒன்றுதான், அதனால் எழுதிவிட்டேன். உன் வீட்டு முகவரியும் அதில் இருக்கிறது. போன வாரம் அந்தக் கடன் விண்ணப்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: “தங்கச்சி வெளியூர்ல நர்ஸாமே சார். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் அவங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன்.”

மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் வண்டிக்கு முன்பணம் கட்ட நீ கொடுத்த இரண்டு வளையலும் பேங்க் லாக்கரில் இருப்பதாகத்தானே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷத்தில் திருப்பிவிடுகிறேன் என்று உன் கையில் அடித்துச் சொன்னேன். இந்த ஆள் ஒரு வார்த்தை பேசினால் போதும், அவர் லாக்கர் சாவியைக் கேட்பார்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள், எதிர்த்துப் பேசாதே. உன் கையெழுத்து எதிலும் இல்லை, வெறும் பெயர்தான். நீ ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன் வந்தால், எனக்கு அண்ணன் யாரும் இல்லைங்க என்று சொல்லி வைத்துவிடு. அவர் நம்பமாட்டார். நம்பவும் வேண்டாம், அடுத்த கேள்வி கேட்க அவருக்கு இடம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் நீயே முந்திக்கொள். வளையல்களை அண்ணன் வந்திருந்தபோது திருடிக்கொண்டு போய்விட்டான், வெட்கத்தில் இத்தனை நாள் சொல்லவில்லை, அதிலிருந்து அவனோடு பேச்சே இல்லை என்று சொல். அவர் என்னைக் காறித் துப்பினால் நீயும் ஆமாம் போடு. என்னைத் திட்டினால் எனக்குச் சளிகூடப் பிடிக்காது. உன் வீட்டில் ஒருநாள் அடுப்பு எரியாமல் போனால் என்னால் தாங்க முடியாது.

உனக்குப் பொய் வராது, அது தெரியும். சின்ன வயதில் நான் உடைத்த விளக்குக் கண்ணாடிக்குப் பூனை என்று சொல்லச் சொன்னதற்கு, பூனை என்று ஆரம்பித்து அழுதுவிட்டாயே. இந்தத் தடவை அழாதே. ஆஸ்பத்திரியில் முகம் கழுவுகிற இடத்தில் யாரும் இல்லாதபோது கண்ணாடியைப் பார்த்து நாலைந்து தடவை சொல்லிப் பழகு. எனக்கு அண்ணன் இல்லைங்க. முதல் தடவைதான் கஷ்டம். நானும் இங்கே சொல்லிப் பார்த்தேன், எனக்குத் தங்கச்சி இல்லைங்க என்று. நாலாவது தடவை குரல் சரியாக வந்தது.

சங்கிலியைக் கழற்றினாய் என்று காதில் விழுந்தால் நான் மனுஷனாக இருக்கமாட்டேன். பதில் போடாதே. நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் கையில் மறுபடி வளையல் குலுங்க வேண்டும். என் பெயர் அந்த வீட்டில் எழவே வேண்டாம்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. கிழிக்கப் போகிற காகிதம்தானே, இதிலாவது அந்த உறவைக் கடைசியாக ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்