தேத்தண்ணியில் என்ன கலக்கிறார்

யூன் 3, செவ்வாய்
கச்சான் காற்று. துறைமுகப் பக்கத்துத் தூசி முழுக்க என் மேசையில். சாவிக்கொத்து மறுபடி இல்லை. கடைசியில் சீனிப் போத்தலுக்குள். நான் வைக்கவில்லை. வீட்டில் இரண்டே பேர்: நானும், என் கணவருடைய தங்கை சரோ மச்சாளும். இவர் காலமான பிறகு "துணைக்கு" என்று வந்தவர்.
அரிப்புக்குப் போடும் சொறிக் குளிசை முடிகிறது. வாங்க வேண்டும்.

யூன் 5, வியாழன்
மச்சாள் போட்டுத் தந்த தேத்தண்ணியில் ஒரு காரம். வாய் காய்கிறது. மச்சாள் திரும்பிய நேரம் வாழையடியில் ஊற்றினேன்.
கொழும்பில் இருக்கும் என் மகளுடன் அவர் போனில், மெல்ல: "அம்மாவுக்கு மறதி கூடிப்போச்சு பிள்ளை. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."
இது அவருடைய தகப்பன் கட்டிய வீடு. ஏன் என்னை அனுப்பப் பார்க்கிறார் என்று விளங்குகிறது.

யூன் 8, ஞாயிறு
ஊருக்குள்ளேயே இருக்கும் லிங்கநகருக்குப் போக வெளிக்கிட்டேன். பஸ்ஸில் பக்கத்து வீட்டு பாறூக் தம்பி.
"ரீச்சர், இது கந்தளாய் பஸ்ஸெல்லோ?"
கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வெட்கம். பஸ்ஸின் பெயர்ப் பலகையை யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

யூன் 11, புதன்
கிளினிக். மச்சாள் வெளியே வாங்கில் இருந்தார். நான் உள்ளே, தேத்தண்ணிப் போத்தலுடன்.
டொக்டர் பிள்ளை போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். "இஞ்சி கூடிப்போச்சு அம்மா. வேறொண்டும் இல்லை. நீங்கள் போடுற குளிசையளக் காட்டுங்கோ."
பையைக் கொட்டினேன்.
"இந்தச் சொறிக் குளிசை ஆர் தந்தது?"
"பாமசியில நானே வாங்கினனான். ராவில ரெண்டு."
"இதுவும் மூத்திரம் அடக்க நீங்கள் போடுற குளிசையும் சேர்ந்தா வயசான ஆக்களுக்கு மூளை மந்தமாகும். மறதி, தடுமாற்றம், வாய் காயிறது, ஆரையும் நம்பாத குணம்கூட வரலாம். சொறிக் குளிசைய விடுங்கோ. மற்றதுக்கு வேற தாறன்."
நம்பவில்லை. மச்சாள் முன்னமே வந்து கதைத்திருப்பாரோ?
ஆனாலும் விட்டுப் பார்க்கிறேன்.

யூன் 24, செவ்வாய்
நேற்றுப் பாரைக் குழம்பு. முந்தநாள் புட்டு. ஞாபகம் இருக்கிறது! படிப்பித்த பிள்ளைகளின் பெயர்கள் தானாக வருகின்றன. தேத்தண்ணி ஊற்றிய வாழைக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் அந்தப் போன் கதை? அது என் காதால் கேட்டது.

யூன் 29, ஞாயிறு
குசினியில் வைத்து நேரே கேட்டுவிட்டேன்.
"மச்சாள், என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மகளுக்குச் சொன்னனீங்களோ?"
வெங்காயம் வெட்டிய கை நின்றது.
"ஓம். சொன்னனான். போன மாசம் ரோட்டில நிண்டு என்னைக் கள்ளி, நஞ்சு வைக்கிறவள் எண்டு கத்தினனீங்கள். சனம் கூடிப்போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு இந்த வீட்டில படுக்கப் பயம்."
நானா? ரோட்டிலா? பொய். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.
செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக் கேற்றடிக்குப் போனேன். பாறூக் தம்பி மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.
"தம்பி, நான் ரோட்டில நிண்டு கத்தினனானோ?"
குழாயைப் பூட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"அதை விடுங்கோ ரீச்சர்," என்றார்.