துவைக்காத துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு, சௌந்தர்யா எழுதறனுங்க. நல்லா இருக்கறேன். முட்டிவலிக்கு மாத்திரை போடறீங்களா?

நாசிக்ல எங்களுக்கு ஒயின் ருசி பார்க்கிற பயிற்சி நடக்குது. பயப்படாதீங்க, முழுங்கறதில்லை, துப்பிடறோம். நேத்து வெள்ளை ஒயினை மோந்ததும், போர் போட்டுட்டு நீங்க ஊட்டுக்கு வரும்போது அடிக்கிற ஈரக் கல்மாவு வாசம் வந்துச்சுங்க. சார், "என்ன பழம்?"னு கேட்டார். "ஈரக் கல்மாவு"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன். அடுத்த மாசம் பரீட்சை. என்ன பண்றதுன்னே தெரியலைங்க.

மூக்கு மரத்துப்போனா போட்டிருக்கிற சட்டையை மோந்து பார்க்கச் சொல்றாங்க, அப்பத்தான் அடுத்த ஒயின் பிடிபடுமாம். என் சட்டையில ஹாஸ்டல் சோப்புதான் அடிக்குது. நீங்க போர் போடற ரிக் வண்டிக்கு எடுத்துட்டுப் போற துண்டு ஒண்ணைக் கூரியர்ல போட்டுவிடுங்க.

வகுப்புக்குக் கூப்பிடறாங்க, போறனுங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க, துண்டைத் துவைச்சுர வேண்டாம்னு.

உங்கள் சௌந்தர்யா