கண்ணாடிப் பலகை

பாப்புவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கையெழுத்தில் படித்தால் திருப்தியாக இருக்கும். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கிற பேங்க் முகவரிக்கு அனுப்புகிறேன். அம்மாதான் அப்படிச் சொன்னாள். போனில் பேசலாம் என்றால் எப்போதும் மாப்பிள்ளையே எடுக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டதற்கு, நல்லா இருக்கேன் என்றாய்.  மறுநாள் அம்மா காப்பி கொடுக்கும்போது, கார் ஷெட்டைப் பிரித்துவிட்டு அங்கே நீ விளையாட ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் போடலாமா என்று கேட்டாள்.

பிரித்தாயிற்று. கார் தெருவில் நிற்கிறது. சிமென்ட் தரை போட்டுக் கோடும் போட்டாயிற்று. முழு கோர்ட் இல்லை, ஒரு பக்க வளையம் மட்டும்தான். வளையத்துக்குப் பின்னால் வருகிற பலகையை எதில் வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

இரும்புத் தகடு போதும் என்றார் வெல்டர். ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். பந்து பட்டதும் யாரோ கேட்டை உடைக்கிற மாதிரி சத்தம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, வீட்டுக்குள்ள எதாவது சண்டையா சார் என்று கேட்டாள். பிளைவுட் மழைக்கு உப்பிப்போகும். ஆகவே விளையாட்டுச் சாமான் கடைக்கே போனோம்.

கடைக்காரர் பேரனுக்கா என்று கேட்டார். பொண்ணுக்கு என்றாள் அம்மா. எத்தனாவது படிக்கிறாள் என்றார். பேங்க்ல ஆபீசர் என்றாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு, உடையாத சாமான்மேல்தான் நம்பிக்கை. பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பலகையைக் கடைக்காரர் சுத்தியலால் தட்டிக் காட்டினார், ஒரு விரிசல் இல்லை. இதையே எடுத்துக்கலாம் என்றேன். அம்மா ஒரு பந்தை வாங்கி அதன்மேல் எறிந்தாள். பந்து சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பி வந்தது. இது ஆகாது, நேரா வளையத்துல போடறவ இல்ல அவ, பலகையில அடிச்சுத்தான் போடுவா என்றாள். உன் மேட்சுகளில் எல்லாம் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறாள் என்று நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்தது அக்ரிலிக், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். பந்து நன்றாகத் திரும்புகிறது. சக்கரம் வைத்த ஸ்டாண்டோடு வருகிறது. வேண்டாதபோது சுவரோரம் தள்ளிவிட்டுக் காரை உள்ளே விடலாம். எனக்குப் பிடித்துவிட்டது. அம்மா அந்தச் சக்கரத்தைச் செருப்புக்காலால் லேசாக உருட்டிப் பார்த்தாள். நாலு நாள் இருந்துட்டுப் போறவளுக்கு இது போதும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் அந்த ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன். பிறகு கண்ணாடிப் பலகை எப்படி என்று கேட்டேன். பெரிய மைதானங்களில் அதுதான் போடுகிறார்களாம். அடிக்கிற வேகத்துக்குப் பந்து அப்படியே திரும்பும். ஆனால் கனம் அதிகம். இடுப்பளவு பள்ளம் தோண்டி, கான்கிரீட்டில் தூணை ஊன்ற வேண்டும். ஊன்றிட்டா அப்புறம் நகர்த்த முடியாது, யோசிச்சுச் சொல்லுங்க என்றார் கடைக்காரர். யோசிச்சாச்சு என்றேன். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

தூண் நன்றாக இறுகிவிட்டது. பலகையும் வளையமும் மாட்டியாயிற்று. நான் போட்டுப் பார்த்த பந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய் விழுந்தது. அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசியபோது கோர்ட் விஷயத்தைச் சொன்னேன். இந்த வயசுல யார் மாமா விளையாடப் போறாங்க என்று சிரித்தார். வீட்டு ஆளுங்கதான் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அதனால் உனக்கு அங்கே ஏதாவது தொந்தரவு வந்ததோ என்று அம்மா கவலைப்படுகிறாள். எனக்கும் கவலைதான்.

உன் சர்டிபிகேட்டுகள், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வரச் சொல்கிறாள் அம்மா. எதையாவது எடுக்க முடியாமல் போனால் பரவாயில்லை, விட்டுவிடு. இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் லீவு என்று எழுத வேண்டாம் பாப்பு. எந்த ரயில் என்று மட்டும் பேங்க் போனிலிருந்து சொல். ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வந்து நிற்கிறோம். நல்லபடியாக வந்து சேர்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா