இன்ஸ்பெக்டருக்குத் தீனி போடாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அந்த வெளிநாட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஓய்வு நாளிலாவது ஒழுங்காகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மாமா வீட்டு முன்னறையில், மீன்தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறவள் அப்படி எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். தொட்டியில் மிச்சம் இருப்பது இன்ஸ்பெக்டர் மட்டும்தான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண்ணாடி ஓரம் வந்து ஏற இறங்கப் பார்க்கும் என்று மாமா பெயர் வைத்தானே, அந்தப் பெரிய ஆரஞ்சு மீன்தான். காலையிலிருந்து ஒருக்களித்துக் கிடக்கிறது. செவுள் மட்டும் அசைகிறது, அதையே பார்த்துப் பார்த்து எனக்கு மூச்சு முட்டுகிறது.

மாமாவின் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன கையோடு மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. தண்ணீர் சரியில்லை என்று உன் அப்பா அடித்துச் சொன்னார். பக்கத்து வீட்டில் சுவருக்கு அடித்த பெயிண்ட் வாடைதான் காரணம் என்று எதிர்க்கடைத் தையல்காரர் துப்புத் துலக்கினார். நான் கொசு மருந்தைச் சந்தேகப்பட்டேன். மாமாவைக் கட்டிய உன் அத்தை மட்டும் தொட்டிப் பக்கமே வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, மீன் வாடை அவளுக்கு ஆகவே ஆகாது, அந்தத் தொட்டியை அவள் விரலால்கூடத் தொட்டதில்லை. மாமா போனதற்கும் அவள் அழவில்லை, மீன்கள் போனதற்கும் அழவில்லை. போன வாரம் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, இந்த இன்ஸ்பெக்டரும் போயிட்டா வீட்டைப் பூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன் என்று யாரோ கடைக்குப் போவதைப் போலச் சொன்னாள். அந்த அக்கா வீட்டில் இருப்பவர்களுக்கே உட்கார இடம் கிடையாது, இவள் போய் எந்த மூலையில் ஒண்டுவாள்? இந்த வீடும் பூட்டிக் கிடந்தால் என் தம்பி இன்னொரு தடவை போன மாதிரிதான் எனக்கு.

அவன் ஒரு இடத்தில் இருந்த ஆளா சொல்லு. வாசல் ஆணியில் பயணப் பை எப்போதும் தயாராகத் தொங்கும். இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தால் போதும், கால் தரையில் நிற்காது. ஆனால் தனியாகப் போக மாட்டான், வீட்டில் யாரையாவது இழுத்துக்கொண்டுதான் போவான். எனக்கு ஆபரேஷன் ஆகி நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த சமயம், டாக்டரே மலைக்காற்று வேணும்னு சொல்லிட்டார்க்கா என்று ரயிலில் ஏற்றினான். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. போன இடத்திலிருந்தெல்லாம் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துத் தொட்டியில் இறக்குவான். மவுத் ஆர்கன், போட்டோ, பழைய கடிகாரம் என்று எத்தனையோ பைத்தியம் பிடித்துப் பிறகு விட்டுப் போனது, மீன் பைத்தியம் மட்டும் கடைசிவரை விடவில்லை.

முந்தாநாள் மனசு கேட்காமல், அவனுக்கு மீன் விற்ற கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கல்லைப் புரட்டினார், அடியிலிருந்து கறுப்பாகச் சேறு கிளம்பி நாற்றம் வீட்டையே தூக்கியது. தின்னாத தீனியெல்லாம் அழுகிக் கிடந்தது. யாருங்க தீனி போடறது என்று கேட்டார். நான்தான், தினமும் தவறாமல் என்று நான் பெருமையாகச் சொன்னேன். உன் அப்பா இருமினார். அவரும் வேலைக்குப் போகிற வழியில் போட்டிருக்கிறார். என்ன சத்தம் என்று பார்க்க வந்த தையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, சாயந்திரம் நான் கொஞ்சம் போடுவேங்க என்றார். ஆஸ்பத்திரியில் மாமா ஒவ்வொருத்தரும் தனியாக இருந்த நேரம் பார்த்து, உங்களை நம்பித்தான் மீனை விட்டிருக்கேன், மத்தவங்க கிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்க என்று சொல்லியிருக்கிறான். எனக்கும் அதேதான். தம்பி என்னைத்தானே நம்பினான் என்று இத்தனை நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்! முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது தீனியைப் பொட்டலமாக மடித்து, அவரவர் பங்கை அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போவான். இந்தத் தடவை பொட்டலம் மடிக்க அவனுக்கு நேரம் இல்லை. நாங்கள் ஆளுக்கு ஆள் டப்பாவைத் தட்டி, அன்பாலேயே அதுகளைக் கொன்றுவிட்டோம். அன்று மத்தியானமே உன் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்தால் மீன் தீனி டப்பா! உன்னிடமும் போனில் சொல்லிவிட்டானா என்று உன் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கல்லையெல்லாம் எடுத்துக் கழுவினால்தான் இது பிழைக்கும் என்று கடைக்காரர் சொன்னதும், யாரும் கை வைக்கக் கூடாது என்று அத்தை போட்ட சத்தத்தில் நாங்கள் ஆடிப்போனோம். அப்புறம் அவளே வந்தாள். மூக்கைக்கூடப் பொத்தாமல் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். இது மழைக்குப் பாலத்தடியில ஒதுங்கினப்போ எடுத்தது, இது மலைப்பாதையில எனக்கு வாந்தி வந்து பஸ்ஸை நிறுத்தினப்போ எடுத்தது, இது நம்ம பொண்ணு வெளிநாடு போன வருஷம் கடற்கரையில எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஈரக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்கிட்ட மீனைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொல்லலக்கா, பகல்ல கதவைத் தாழ்ப்பாள் போடாதே, யாராச்சும் வந்துகிட்டே இருப்பாங்கன்னு மட்டும்தான் சொன்னாரு என்றாள். சொல்லி முடிக்கும் முன் உடைந்துவிட்டாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மீனைச் சாக்கு வைத்து இவளைத் தேடி ஆள் வர வழி பண்ணியிருக்கிறான் பார், படுத்த படுக்கையில் இருந்துகொண்டு!

கழுவிய கற்களைக் காயவைக்க இடம் தேடி, அத்தை அந்தப் பெட்டியைத் திறந்து அதில்தான் பரப்பியிருக்கிறாள். இனி அதில் துணி அடுக்க இடம் இல்லை. தீனியை அடியோடு நிறுத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். உன் அப்பாவையும் தையல்காரரையும் நம்ப முடியாது, பாவம் பார்த்துப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் இந்தக் காவல். இன்ஸ்பெக்டர் இப்போது ஒரு தடவை நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்துவிட்டது. பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடைசியாக மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்காதே, வர முடிந்தால் வராமல் இருந்திருப்பாயா நீ? நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். இனி தீனி டப்பா அனுப்பாதே. அதற்குப் பதில் பகல் நேரத்தில் அத்தைக்குப் போன் பண்ணு. மாமா உன்னிடம் என்ன சொன்னான் என்று அவளுக்கு வார்த்தை மாறாமல் கேட்க வேண்டுமாம், எங்கள் எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டாள், நீ ஒருத்திதான் பாக்கி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனேன், தையல்காரர் வந்தார். தீனி போட வரவில்லையாம், சும்மா வந்தாராம். அத்தை அவருக்கும் சேர்த்து டீ போடுகிறாள்.