எலி கடித்த பாக்கெட்டுகள்

மே 6

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். பாதியில் பேனாவை மூடிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மாப்பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போன நூடுல்ஸ் பாக்கெட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பது.
2. எலி.
3. உன் வீட்டில் நான் கை நனைக்காதது கொள்கை காரணமாகத்தான். மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பது.

முதலாவது. அவர் என் வீட்டுக் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, சமையலறை மேல் தட்டில் ஒரு பை இருந்தது. உள்ளே ஜப்பான் எழுத்துப் போட்ட நூடுல்ஸ். உறையில் ஒரு கிண்ணம், பழுப்பு நிறச் சாறு, மேலே வட்ட வட்டமாகத் துண்டுகள். பன்றி மாமிசம் என்று பார்த்தவுடனே முடிவு செய்தேன். தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒரு மழை நாளில், ரொட்டியும் வாழைப்பழமுமே தின்று வாய் செத்துப்போயிருந்த நேரத்தில், வாசனை மட்டும் பார்ப்போம் என்று ஒன்றைப் பிரித்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, பால் காய்ச்சும் பாத்திரத்திலேயே வேகவைத்துச் சாப்பிட்டேன். சாற்றைப் பாத்திரத்தோடு தூக்கிக் குடித்தேன். பிறகு அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை. மறுநாள் இன்னொன்றைப் பிரித்தேன்.

நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், பின்னட்டையைப் படிக்காமல் ஒரு புத்தகத்தைத் தட்டில் வைக்காதவன் நான். இந்தப் பாக்கெட்டை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டால் பிறகு சாப்பிட முடியாது என்று பயந்தேன்.

இரண்டாவது. மாப்பிள்ளை போனில், "மாமா, மேல் தட்டுல ஒரு பை வெச்சிருந்தேனே, பாத்தீங்களா?" என்று கேட்டார். "எலி கடிச்சிடுச்சு மாப்பிள்ளை, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். "பரவாயில்ல மாமா" என்று வைத்துவிட்டார். நேற்று அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் எலிப்பொறி. எப்படி வைப்பது என்று படம் வரைந்து வேறு அனுப்பியிருக்கிறார். அதைச் சமையலறையில் வைக்கவும் முடியவில்லை, எங்காவது ஒளிக்கவும் முடியவில்லை.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவிச்சி சமைக்கிற வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது என் பழக்கம். அதனால்தான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீரைக்கூட என் குடுவையிலேயே கொண்டுவருகிறேன். இனி அந்தக் கொள்கையைப் பேச எனக்கு வாய் இல்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே.

தலை நிமிர முடியாத
அப்பா

மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

அதில் மாமிசமே இல்லை, அப்பா. மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. சாறு காளானும் கடற்பாசியும் சோயாவும். நீங்கள் பன்றி என்று நினைத்தது சோயாவில் செய்த துண்டு. அவர் மறந்து வைத்துவிட்டு வரவும் இல்லை. அவர் சமைக்கிற கடைக்கு அந்தச் சரக்கு வந்தபோது, ஜப்பான் எழுத்துத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரை உட்காரவைத்துப் பின்பக்கம் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கீழே ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறது; அவருக்கு அது போதவில்லை. "கையில குடுத்தா மாமா தொட மாட்டார். மறந்த மாதிரி வெச்சுட்டு வந்துடறேன். படிச்ச மனுஷன், திருப்பிப் பாக்காமயா இருப்பார்?" என்றார்.

எலி கடித்தது என்று நீங்கள் சொன்ன அன்று, சாப்பிட உட்கார்ந்தவர், "உங்கப்பாவுக்குன்னு வெச்சேன். எலி குடுத்து வெச்சது" என்று சிரித்தார். பிறகு பாதித் தட்டிலேயே எழுந்துவிட்டார். மறுநாள், "தூக்கிப் போட்டுட்டு எலி மேல பழி போடறார்னு பெரியவரைத் தப்பா நினைச்சுட்டேன். நிஜமாவே எலி இருந்தா?" என்று போய்ப் பொறி வாங்கினார்.

மாமிசம் என்று நினைத்துக்கொண்டே பால் பாத்திரத்தில் சமைத்திருக்கிறீர்கள். நான் பிடித்துக் கொடுத்த தண்ணீர்தான் உங்களுக்கு ஆகவில்லை. உங்கள் மூன்றாவதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அதையாவது திருப்பிப் பாருங்கள்.

அடுத்த மாதம் கடைக்கு மேலேயே குடிபோகிறோம். வாருங்கள். குடுவையோடு வருவதானால் வர வேண்டாம். இது அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உங்கள் மகள்

மே 23

அன்பு மகளுக்கு,

ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. திருப்பிப் படித்தேன். மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ எழுதியபடியேதான் இருக்கிறது. நான் மாமிசம் சாப்பிடவில்லை. நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

நூலகத்துக்கு எதிரில் இருந்த கேண்டீனில் வருடக்கணக்காகத் தேநீர் குடித்தவன் நான். பக்கத்து அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருக்கும். மேலதிகாரி வீட்டு விருந்தில் ஒரு பக்கம் கவிச்சி, ஒரு பக்கம் சைவம். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தேன். அங்கெல்லாம் குடுவை கொண்டுபோனதில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகுதான் அதை வாங்கினேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "உணவுத் துறை" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். நூடுல்ஸ் கடை அடுப்படியில் நிற்கிறார் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சொல்லிவிடாதே என்று உன்னைக் கேட்டிருந்தேன். நானே சொல்லிவிட்டேன். போனைப் பலமுறை எடுத்து எடுத்து வைத்த பிறகு, நேற்று பேசினேன். "மாப்பிள்ளை, அந்த எலி நான்தான்" என்றேன். அவர், "நல்லா இருந்துச்சா மாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். போனை வைத்துவிட்டேன். நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல். இல்லை, வேண்டாம். நானே வந்து சொல்கிறேன்.

எனக்கென்று புதுப் பாத்திரம் எதுவும் வாங்காதீர்கள். எலிப்பொறியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். குடுவை இங்கேயே இருக்கட்டும். வழியில் தாகம் எடுத்தால் எடுக்கட்டும், உன் வீட்டில் வந்து குடித்துக்கொள்கிறேன்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக, கொள்கைதான் காரணம் என்று நான் எழுதியது தவறு.

அப்பா